நூர் ஸ்டுடியோவில் ஒரு வால்மீன்

மஜீதாவுக்குக் கை சும்மா இருக்காது. மார்க்கெட்டில் கடைக்காரர் கேரட்டைத் தராசில் வைப்பதற்குள் இவள் அதன் மண்ணைத் தட்டிவிட்டிருப்பாள். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் நூல் தொங்கினால் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அந்த மனுஷர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தால், "நூலுங்க" என்று அதையும் காட்டுவாள். "உன்னைக் கப்ருல வெச்சாக்கூட மேல போட்ட மண்ணைத் தட்டி விட்டுட்டுத்தான் படுப்பே புள்ள" என்பான் அவள் கணவன் அமீர்.

அந்தக் கைதான் சோறு போட்டது. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்கு ஏறும் படிக்கட்டில் மூன்றாவது கடை நூர் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து என்று வெளியே போய்ப் படம் எடுப்பது அமீர். கடையில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பதும், எடுத்த எல்லாவற்றுக்கும் டச்சிங் செய்வதும் மஜீதா. டச்சிங் என்றால் வேறொன்றுமில்லை, முகத்திலிருக்கிற பரு, தழும்பு, கண்ணடிக் கருப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தொட்டுத் தொட்டுத் துடைப்பது. பதினோரு வருஷமாகத் துடைக்கிறாள். மஜீதாக்கா கைபட்டால் கல்யாணம் கூடிவரும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் தேடி வருவார்கள். கைபட்ட பிறகு பெற்ற தாய்க்கே மகளை அடையாளம் தெரியாது, அது வேறு விஷயம்.

அந்தக் கடையில் துடைக்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. மலையில் ஈரம் ஓயாது. லென்ஸுக்குள் பூஞ்சை படரும், தொழிலில் அதற்குப் பங்கஸ் என்று பெயர். கேமரா வைக்கிற அலமாரியில் ராத்திரி பகலாக ஒரு நாற்பது வாட்ஸ் பல்பை எரியவிட்டும், அமீரின் பழைய ஐம்பது எம்.எம். லென்ஸில் பங்கஸ் பிடித்துவிட்டது. கடைவிளக்கில் எடுக்கும் படம் ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு வெளிறிய வட்டம் விழும். மஜீதா படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத் துடைப்பாள். மூஞ்சியைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

துடைத்துத் துடைத்து ஒரு நாள் மாட்டிக்கொண்டாள். 2014 ஆடி மாதம், கோத்தகிரியில் நர்ஸாக இருக்கும் பிலோமி ஒரு கவரை ஆட்டிக்கொண்டே படியேறி வந்தாள்.

"அக்கா, என் மச்சம் எங்க?"

வெளிநாட்டு வேலைக்கு அவள் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அங்க அடையாளம் என்று எழுதிக் கொடுத்த இடது கன்னத்து மச்சம் படத்தில் இல்லையாம்.

"அது மச்சமாம்மா? நான் ஏதோ அழுக்குன்னு நெனச்சு..."

"என் கன்னத்துல அழுக்காக்கா?"

மஜீதா நாக்கைக் கடித்துக்கொண்டு அவளைத் திரும்ப உட்காரவைத்து எடுத்தாள். பிரிண்ட் வருவதற்குள் பிலோமி மேஜையில் வைத்திருந்த போன் ஒளிர்ந்தது. அதன் திரையில் தேயிலைச் சரிவுக்கு மேல் பால்போல ஒரு வானம் கிடந்தது. நட்சத்திரங்கள் அள்ளிக் கொட்டினாற்போல இருந்தன. மஜீதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இது எந்த சைட்ல இறக்குனதும்மா?"

"இறக்குனது இல்லக்கா. கட்டபெட்டுல எங்க ஊட்டுக்குப் பின்னாடி நான் எடுத்தது."

"எதுல?"

"உங்க கையில இருக்கே, அதே கேமராவுலதான்."

பாருங்கள், அந்த ஒரு வார்த்தை போதும். அன்று ராத்திரி மஜீதாவுக்குத் தூக்கம் போயிற்று. முப்பத்தொன்பது வயதுக்குள் எத்தனை முகம் எடுத்திருப்பாள்! கடை பூட்டும்போதெல்லாம் தலைக்கு மேலே அத்தனையும் இருந்திருக்கிறது, இவள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். யார் மீது என்று தெரியாமல் கோபம் வந்தது. எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றாள். மேலே மேகம்தான் இருந்தது.

பிலோமி அவளை வாட்ஸாப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள். மலைவானம் என்று பெயர். இருபத்திரண்டு பேர். கோயம்புத்தூரில் நூல் மில்லில் வேலை செய்பவர், ஊட்டியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் ஒரு நாலைந்து பேர். எல்லோரும் வருஷக்கணக்கில் ராத்திரி கண்விழித்து வானத்தைப் படம் பிடித்தவர்கள். அவர்கள் யாருக்கும் தலைவரென்று கிடையாது, ஆனால் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது தனசிங்கிடம்தான். கட்டபெட்டு தேயிலை பாக்டரியில் மெக்கானிக். நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஒரு மாதத்துக்கு ஒரு படம் போடுவார், போட்டால் அன்றைக்கு மற்ற யாரும் படம் போடமாட்டார்கள்.

மஜீதா அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து வெந்தாள். ஆசை ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இவளும் முயன்றாள். ஆடியிலிருந்து கார்த்திகைவரை மலையில் மழையும் மூடுபனியும் மாறி மாறி நின்றன. கால்மணிக்கு ஒருதரம் மாடிக்கு ஏறுவாள், இறங்குவாள். சோறு வடிக்கப் போட்டுவிட்டு ஏறுவாள், சோறு குழைந்துபோகும். "மேகம் உன்னைப் பார்த்து பயந்துதான் வருது புள்ள" என்பான் அமீர். தப்பித்தவறி வானம் திறந்தால் கை படபடத்து எதையாவது திருகிவிடும். நட்சத்திரமெல்லாம் கோழி முட்டையாக விழும். அத்தனையையும் அந்த நிமிஷமே அழித்துவிடுவாள்.

நாலு மாதம் இப்படி. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டபெட்டுக்குப் போய், "எனக்கு இது வராதும்மா. என்னைக் குரூப்ல இருந்து எடுத்துரு" என்றாள். பிலோமி கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதில் 'கெட்டது' என்று ஒரு போல்டர். உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். கோழி முட்டை நட்சத்திரம், ஆடிப்போன வானம், காட்டெருமை முட்டித் தள்ளிய ஸ்டாண்டோடு சாய்ந்துகிடக்கும் தேயிலை. நடுவே கும்மிருட்டாக ஒரே மாதிரி ஐம்பது படம்.

"இதென்னம்மா?"

"தனசிங் அண்ணன் குடுத்தது. மூணு மணி நேரம் லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்திருக்காரு."

மஜீதா வாய்விட்டுச் சிரித்தாள். "இதையெல்லாம் எதுக்கும்மா வெச்சிருக்கீங்க? அழிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"அழிச்சா மறுபடி மூடியை மறந்துருவேன்னு சொல்றாருக்கா. எடுத்த எதையும் அழிக்கக் கூடாது, அது ஒண்ணுதான் அவரு சட்டம்."

திரும்பி வரும் பஸ்ஸில் மஜீதாவுக்கு மனசு லேசாக இருந்தது. அவர்கள் போட்ட நல்ல படம் ஒன்றும் செய்யாத வேலையை அந்தக் கும்மிருட்டுப் படங்கள் செய்துவிட்டன. தனசிங்கே மூடியை மறந்திருக்கிறார் என்றால் நான் எம்மாத்திரம்! அழிக்கக் கூடாது என்பதையும் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒத்துக்கொண்டது தலைதான். கையை யார் கேட்டார்கள்?

ஜனவரியில் வால்மீன் வந்தது. சூரியன் அடைந்த பிறகு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கமாக அது பத்து நாள் கடந்துபோகும் என்றார்கள். திரும்பி வருவதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆகுமாம். தனசிங் குழுவில் ஒரு யோசனை சொன்னார். பத்து ராத்திரி, ராத்திரிக்கு ஒன்றாகப் பத்துப் படம். எங்கே வானம் திறக்கிறதோ அங்கே இருப்பவர் எடுக்கவேண்டியது. எல்லோரும் ஐம்பது லென்ஸ், எல்லோரும் வடக்கே பார்த்து நின்று கார்த்திகையைப் படத்தின் வலது ஓரத்தில் வைக்கவேண்டும். படத்தை அவருக்கு மட்டும் அனுப்பவேண்டும், பத்தும் முடியும்வரை வெளியே காட்டக் கூடாது. பத்தையும் ஒட்டி ஒரே நீளப் படமாக அச்சடித்துக் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மாட்டுவது, ஒவ்வொன்றின் அடியிலும் எடுத்தவர் பேர்.

அந்தப் பேர்தான் மஜீதாவைப் பிடித்து ஆட்டியது. பதினோரு வருஷமாக எத்தனை படத்தைத் தொட்டிருப்பாள், ஒன்றின் அடியிலும் அவள் பேர் கிடையாது. நூர் ஸ்டுடியோ என்றுதான் முத்திரை விழும், அதுவும் அமீரின் வாப்பா பேர். அந்தப் பத்தில் ஒன்று, ஒரே ஒன்று, 'மஜீதா, குன்னூர்' என்று வந்துவிட்டால் போதும். ஆறு ராத்திரி அவள் வெளியே போனாள். ஆறு ராத்திரியும் மூடுபனி. ஆறும் மற்றவர்களுக்குப் போயிற்று.

ஏழாவது ராத்திரி சனிக்கிழமை. கோவையில் மேகம், ஊட்டியில் மேகம், பெங்களூரில் மேகம், கட்டபெட்டில் கைக்கெட்டும் மூடுபனி என்று குழுவில் வரிசையாகச் செய்தி விழுந்துகொண்டிருந்தது. குன்னூரில் ஏழரை மணிக்குத் திறந்தது. மஜீதா அமீரை இழுத்துக்கொண்டு ஆம்னி வேனில் வண்டிச்சோலைப் பக்கம் ஏறினாள். உறைபனிக் குளிர். அமீர் வேனுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாளைக்கு அரவேணுவில் நிக்காஹ் படம் எடுக்கவேண்டும், ஜலதோஷம் பிடித்தால் மாப்பிள்ளை மேல்தான் தும்முவேன் என்று புலம்பினான். கேமரா தலைக்கு நேர் மேலே பார்த்து நின்றது. மஜீதா ஈரத் தரையில் மண்டியிட்டு அண்ணாந்து பார்த்தாள். கீழே தேயிலைக்குள் ஒரு காட்டெருமை மூச்சுவிட்டது. ஓடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நாற்பத்து மூன்று படம் எடுத்ததும் மூடுபனி வந்து மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. கடையில் செய்கிறபடியே மெமரி கார்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, கார்டில் இருந்தபடியே படங்களைத் திறந்தாள். நட்சத்திரம் ஊசிமுனையாக விழுந்திருந்தது. யா அல்லா, இது நான் எடுத்ததா! கார்த்திகை வலது ஓரத்தில் கொத்தாக மின்னியது. வால்மீனைத் தேடினாள். இன்டர்நெட்டில் பார்த்த படங்களிலெல்லாம் அதற்குக் கூந்தல் மாதிரி நீள வால். இதில் வால் எதுவும் கண்ணில் படவில்லை. இடப்பக்கம் வெளிறிய வட்டம் ஒன்றுதான் இருந்தது, வழக்கமான பங்கஸ். கை தானாகப் போய் அதைத் துடைத்தது. வானத்தைக் கொஞ்சம் கருப்பாக்கினாள். அதன் மேலேயே சேமித்தாள். துடைத்த அந்த ஒன்றை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, காலையில் அமீருக்கு வேண்டுமே என்று கார்டில் இருந்த மற்றதையெல்லாம் சுத்தமாகத் துடைத்து அதை அவன் கேமராப் பையில் வைத்தாள்.

காலை எட்டு மணிக்கு தனசிங்குக்கு அனுப்பினாள். 'கார்த்திகை நல்லா வந்திருக்குங்க. வால்மீன் மட்டும் மாட்டலீங்க' என்று எழுதினாள். ஐந்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். தனசிங் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க மேடம், மாட்டாம இருக்காதுங்களே. கார்த்திகைக்கு இடது கைப்பக்கம் இருந்தே ஆகணுமுங்க. வாலெல்லாம் தெரியாது. ஈரப்பஞ்சு உருண்டையாட்டம் வட்டமா, லேசாப் பச்சையா இருக்கும்."

மஜீதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். "அது... எங்க லென்ஸ்ல அந்த இடத்துல பங்கஸ் இருக்குதுங்க."

"லென்ஸை முழுசாத் திறந்துதானே எடுத்தீங்க? அப்படி எடுத்தா பங்கஸ் புள்ளியா விழாதுங்க. கடைவிளக்குல லென்ஸ் துவாரத்தை இறுக்கி எடுக்கையிலதான் அது விழும். நீங்க டச்சிங் பண்ணாத படத்தை அனுப்புங்க. ஏழாவது ராத்திரி உங்களைத் தவிர யாருகிட்டயும் இல்லீங்க."

"சாயங்காலம் அனுப்பறனுங்க" என்று சொல்லிவிட்டாள். வாய் சொல்லிவிட்டது. எங்கேயிருந்து அனுப்புவது?

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இந்தக் கையை உடைத்து அடுப்பில் வைத்தால் என்ன! ஆனால் அழிந்ததை மீட்கிற மென்பொருள் கடையில் இருந்தது. கல்யாண வீட்டுக் கார்டு கெட்டுப்போனால் அதை வைத்து மீட்டிருக்கிறாள். கார்டில் மேலே புதுப் படம் ஏறாதவரை பழசு உள்ளே கிடக்கும். அந்தக் கார்டோ அமீரின் கேமராவில் அரவேணுவில் இருக்கிறது. அவன் ஒரு தடவை விரலை அழுத்தினால் ஒரு வால்மீன் போச்சு. போன் போட்டாள். எடுக்கவில்லை. பதினாலு தடவை போட்டாள். நிக்காஹ் நேரத்தில் அமீர் போனை வேனிலேயே விட்டுவிட்டுப் போகிற ஆள்.

கடையைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டு கோத்தகிரி பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. வளைவுக்கு வளைவு நின்றது. ஒரு அம்மாள் இரண்டு மூட்டை முட்டைக்கோஸ் ஏற்றினாள். மஜீதா தானே இறங்கி மூட்டையைத் தள்ளி ஏற்றினாள். அரவேணுவில் இறங்கி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பந்தலில் அமீர் ஒரு ஸ்டூல் மேல் நின்று எடுத்துக்கொண்டிருந்தான். இவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கை தொங்கிவிட்டது.

"யாருக்குப் புள்ள என்னாச்சு? உம்மாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. எத்தனை எடுத்திருக்கீங்க?"

"அறுநூறு இருக்கும். ஏன்?"

அறுநூறு! மஜீதா அங்கேயே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கார்டைக் கழற்றிக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். மேடையில் மணப்பெண் கையெழுத்துப் போடக் குனிந்திருந்தாள். அதற்குள் ஒரு பெரியம்மா வந்து, "ஸ்டுடியோக்காரங்க சம்சாரம்தானே, வாங்க, பந்தியில உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். தட்டில் பிரியாணி விழுந்தது. மஜீதா தின்றாள். என்ன தின்றாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மூன்று மணிக்கு அமீர் வேறு கார்டைப் போட்டுக்கொண்டு அதைக் கழற்றிக் கொடுத்தான்.

கடைக்கு வந்து மீட்கப் போட்டபோது மணி ஐந்து. திரையில் கோடு நகர்ந்தது. மஜீதா எழுந்தாள், உட்கார்ந்தாள், கடையைப் பெருக்கினாள், திரும்பவும் பெருக்கினாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் படங்கள் ஒவ்வொன்றாக எழும்ப ஆரம்பித்தன.

நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. வால்மீன் ராத்திரி எடுத்தது கார்டின் தொடக்கத்தில் இருந்தது, நிக்காஹ் படங்கள் முதலில் ஏறியது அதன் தலையில்தான். அதற்குக் கீழே, தொடப்படாத பகுதியிலிருந்து, மாதக்கணக்கில் அவள் அழித்த முகங்கள் வந்தன. டச்சிங் செய்யாத முகங்கள். புருவத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு டிரைவர். அம்மை வடு முகத்தோடு எஸ்டேட் வாட்ச்மேன். பருவும் அழுகையுமாக ஒரு காலேஜ் பெண். எல்லோரும் இவளையே பார்த்தார்கள். இவர்களில் ஒருவரையும் தான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று மஜீதாவுக்குப் பட்டது. துடைக்கத்தான் பார்த்திருக்கிறாள்.

போன் மினுங்கியது. தனசிங். 'படம்?' என்று ஒரே வார்த்தை.

இனி நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை நல்லாத்தான் இருக்கும். ஆனால் நடந்தது நடந்ததுதான். மஜீதா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, காலையில் அனுப்பிய படத்தைத் திறந்து அதில் அந்த வால்மீனை வரைந்தாள். இடம் நினைவிருந்தது. ஈரப்பஞ்சு உருண்டை, லேசான பச்சை. பத்து நிமிஷம் ஆகவில்லை. இன்டர்நெட்டில் பார்த்ததை நினைத்து, அழகுக்கு இருக்கட்டுமே என்று மேலே பார்த்து மெல்லிசாக ஒரு வாலையும் இழுத்துவிட்டாள். தீபாவளி ராக்கெட்டுக்குப் பின்னால் புகை போகிற மாதிரி, வால்மீன் வந்த வழியில் வால். நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் கரகரப்பைக்கூட அதன் மேல் தூவினாள். பதினோரு வருஷத்துக் கை! எந்த டச்சிங்காரனாலும் கண்டுபிடிக்க முடியாது.

அமீர் நிக்காஹ் முடிந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அடேங்கப்பா, கிடைச்சிருச்சா?"

"வரைஞ்சனுங்க."

"வரைஞ்சதா!" அவன் இன்னும் குனிந்தான். "அசலாட்டமே இருக்குது புள்ள. உன் கைக்கு என்ன குடுத்தாலும் தகும். அனுப்பிச்சுரு, யாருக்குத் தெரியப்போகுது?"

பாராட்டாகத்தான் சொன்னான், நல்ல மனுஷன். மஜீதாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. வரன் பார்க்க வந்தவர்களிடம் நீட்டும் படத்தைப் பார்த்து அவன் சொல்கிற அதே வார்த்தை. ஆறாவது ராத்திரி யாரோ குளிரில் நின்று எடுத்தது, எட்டாவது ராத்திரி யாரோ குளிரில் நின்று எடுக்கப்போவது, நடுவில் இவள் நாற்காலியில் உட்கார்ந்து செய்தது. அதன் அடியில் 'மஜீதா, குன்னூர்'. அந்தப் பேரை அவளே நின்று படிக்க முடியுமா? லென்ஸ் மூடியோடு எடுத்த ஐம்பது இருட்டையும் வைத்திருக்கிற மனுஷனுக்கு இதையா அனுப்புவது?

வரைந்ததை அழித்தாள். அன்றைக்கு அவள் கை செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். காலையில் அனுப்பிய படத்தையே முழு அளவில் மறுபடி அனுப்பி, கூடவே குரலில் பேசினாள். குரல் உடைந்தது, நிறுத்தாமல் பேசினாள்.

"தனசிங்கண்ணா, அது பங்கஸ் இல்லீங்க, வால்மீன்தானுங்க. நான் துடைச்சுப் போட்டனுங்க. கார்டையும் அழிச்சுட்டேன். கிடைக்குதான்னு பார்த்தேன், கிடைக்கலீங்க. இப்பக்கூட ஒண்ணு வரைஞ்சு அனுப்பப் பார்த்தேன். மனசு வரலை. ஏழாவது இடம் என்னாலதான் காலி. என்னை மன்னிச்சுருங்க."

பதில் இல்லை. ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று. பாக்டரியில் இரைச்சலில் இருப்பார், கேட்டிருக்கமாட்டார். கேட்டிருப்பார், காறித் துப்பியிருப்பார். குழுவில் சொல்லியிருப்பார். பிலோமி என்ன நினைப்பாள்? மஜீதா தோசை சுட்டாள், ஒன்று கருகியது, இன்னொன்று வேகவில்லை. மாடிக்கு ஏறினாள். வானம் திறந்திருந்தது. பார்க்கப் பிடிக்காமல் இறங்கினாள். ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது.

"மேடம், கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களா?" தனசிங் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "ஒரு படம் அனுப்பியிருக்கனுங்க. திறங்க."

திறந்தாள். அவள் எடுத்த அதே படம். ஆனால் அவர் அதன் வெளிச்சத்தை ஏற்றி ஏற்றி, வானமெல்லாம் சாம்பல் நிறமாகப் புழுதி படிந்துபோயிருந்தது. டச்சிங் படித்தவர்கள் கண்ணால் பார்க்கச் சகிக்காத படம்.

"இடது பக்கம் நீங்க துடைச்ச இடத்தைப் பாருங்க. பாத்தீங்களா? அங்கிருந்து வலதுகைப் பக்கமா வாங்க. மெதுவா."

மஜீதா மூக்கு திரையில் படும்வரை குனிந்தாள். துடைத்த வட்டத்தின் ஓரத்திலிருந்து, நூலிழை மாதிரி மங்கலாக ஒரு கோடு கிளம்பி, வலப்பக்கமாக, கார்த்திகையை நோக்கி நீண்டு போயிருந்தது.

"தலையைத்தானுங்க அழிச்சிருக்கீங்க" என்றார் தனசிங். "வாலு கண்ணுக்குத் தெரியாததால அதை விட்டுட்டீங்க. அது அங்கயேதான் இருக்குது."

அவள் வரைந்த வால் மேலே பார்த்துப் போனது. இது படுக்கையாகப் போகிறது.

"அது வந்த வழியில இல்லீங்களா வால் இருக்கும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லீங்க. சூரியன் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் எப்பவும். எல்லாரும் மொதல்ல அங்கதான் ஏமாறுவாங்க. நீங்க வரைஞ்சதை அனுப்பியிருந்தா நான் பார்த்த உடனே தெரிஞ்சிருக்குமுங்க. அப்புறம் இந்தப் படத்தை நான் திறந்தே பார்த்திருக்கமாட்டேன்."

மஜீதா அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், பொறுத்திருந்தார். பின்னால் பாக்டரி இரைந்துகொண்டிருந்தது.

"ஏழாவது இடத்துல இதுதான் வருது. தலையில்லாம வாலு மட்டும். அடியில பேர் எப்படிப் போடட்டும்? எடுத்தவர் மஜீதா, குன்னூர்னு போட்டாப் போதுங்களா?"

மஜீதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் அமீர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதாதுங்கண்ணா" என்றாள். "எடுத்தவரும் துடைத்தவரும்னு சேர்த்துப் போடுங்க."

போனை வைத்ததும் அவள் அமீரிடம் வேன் சாவியைக் கேட்டாள். அது எட்டாவது ராத்திரி, கார்த்திகை இன்னும் மேலேதான் இருந்தது.